டெக்சாஸ் ஹோல்டெம்: இரண்டு சீட்டு மறைவில், ஐந்து சீட்டு வெளிச்சத்தில்

"ரம்மியும் மூணு சீட்டும் ஆடத் தெரியும், போக்கர் தெரியாது. போக்கரில் எத்தனையோ வகை இருக்க, ஏன் எல்லாரும் டெக்சாஸ் ஹோல்டெம் ஒன்றையே ஆடுகிறார்கள்? விதிமுறை என்ன? ஜெயிக்க வழி உண்டா, இல்லை எல்லாம் அதிர்ஷ்டம்தானா?" கேள்வி இதுதான். மூன்றுக்கும் ஒரே இடத்திலிருந்து பதில் சொல்லத் தொடங்கலாம். இந்த ஆட்டத்தில் எவ்வளவு மறைந்திருக்கிறது, எவ்வளவு கண்ணுக்குத் தெரிகிறது என்பதுதான் அந்த இடம்.

பழைய ஐந்து சீட்டு டிரா போக்கரில் எல்லாமே மறைவு. எதிராளி எத்தனை சீட்டை மாற்றிக்கொண்டார் என்பதைத் தவிர ஊகிக்க ஒன்றும் கிடையாது. அதற்கு எதிர்க்கோடியில் செவன் கார்டு ஸ்டட். ஒவ்வொருவர் முன்னாலும் நான்கு சீட்டுகள் திறந்து கிடக்கும். பாதியில் விலகியவர்கள் எந்தச் சீட்டோடு போனார்கள் என்பதையெல்லாம் மனசில் வைத்திருக்க வேண்டும். போதாததற்கு எட்டுப் பேர் கடைசிவரை நின்றால் 56 சீட்டு தேவை, சீட்டுக்கட்டில் இருப்பதோ 52. ஹோல்டெமில் ஆளுக்கு இரண்டு சீட்டு மட்டும் கையில். மேசை நடுவே எல்லாருக்கும் பொதுவாக ஐந்து. பத்துப் பேர் உட்கார்ந்தாலும் 25 சீட்டில் வேலை முடிந்துவிடும். நினைவில் வைக்க வேண்டியது குறைவு, யோசிக்க வேண்டியது நிறைய. எதிராளியிடம் என்ன இருக்கலாம் என்று துப்புத் துலக்கப் போதிய வெளிச்சம் இருக்கிறது, ஏமாறவும் ஏமாற்றவும் போதிய இருட்டும் இருக்கிறது.

இனி ஆடும் முறை. மேசையில் 'டீலர்' என்று எழுதிய வட்ட வில்லை ஒன்று இருக்கும். பட்டன் என்பார்கள். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் அது இடப்பக்கத்து ஆளிடம் நகரும். பட்டனுக்கு இடப்பக்கம் முதலில் இருப்பவர் ஸ்மால் பிளைண்ட், அடுத்தவர் பிக் பிளைண்ட். சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே இந்த இருவரும் குறித்த தொகையை வைத்தாக வேண்டும். பிக் பிளைண்ட் 20 என்றால் ஸ்மால் பெரும்பாலும் அதில் பாதி. மூணு சீட்டில் எல்லாரும் பூட் கட்டுவார்கள், இங்கே முறைவைத்து இருவர் மட்டும் கட்டுகிறார்கள்.

ஆளுக்கு இரண்டு சீட்டு கவிழ்த்துப் போடப்படும். பிக் பிளைண்டுக்கு அடுத்தவரிலிருந்து பேச்சு தொடங்கும். விலகலாம், அது ஃபோல்ட். சமமாக வைத்துத் தொடரலாம், அது கால். கூட்டி வைக்கலாம், அது ரெய்ஸ். இந்தச் சுற்று முடிந்ததும் நடுவில் மூன்று சீட்டுகளை ஒன்றாகத் திறப்பார்கள். அது ஃபிளாப். மறுபடி ஒரு சுற்றுப் பேச்சு. நான்காவது சீட்டு டர்ன், பேச்சு. ஐந்தாவது ரிவர், கடைசிப் பேச்சு. ஃபிளாப்புக்குப் பிறகு பட்டனின் இடப்பக்கத்து ஆள்தான் முதலில் பேசுவார். யாரும் இன்னும் பணம் வைக்காத சுற்றில் எதுவும் வைக்காமல் அடுத்தவருக்குத் தள்ளிவிடலாம், அது செக். முதலில் பணம் வைத்தால் அது பெட். வைக்கும் தொகைக்கு உச்ச வரம்பு இல்லாத நோ லிமிட் வகையில் எந்தக் கட்டத்திலும் முன்னால் இருக்கும் சிப்ஸ், அதாவது பணத்துக்குப் பதிலான வில்லைகள், முழுவதையும் தள்ளலாம், அதுதான் ஆல் இன். எல்லாரும் வைத்து நடுவில் சேரும் தொகைக்குப் பெயர் பாட். ஆல் இன் போனவரிடம் சிப்ஸ் குறைவாக இருந்தால், அவருக்கு ஈடான தொகை ஒரு பாட்டாகவும் மிச்சம் மற்றவர்களுக்குள் தனிப் பாட்டாகவும் பிரியும்.

கடைசியில் ஏழு சீட்டிலிருந்து சிறந்த ஐந்தை எடுத்துக் கை சேர்ப்பீர்கள். கையில் உள்ள இரண்டையும் சேர்க்கலாம், ஒன்றை மட்டும் சேர்க்கலாம், இரண்டையும் விட்டுவிட்டு மேசையில் உள்ள ஐந்தையே கையாகக் கொள்ளவும் செய்யலாம்.

மூணு சீட்டு ஆடிப் பழகியவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. அங்கே வரிசை பெரிது, ஒரே கலர் சிறிது. போக்கரில் தலைகீழ்: ஒரே கலர் ஐந்து, அதாவது ஃபிளஷ், வரிசையான ஸ்ட்ரெய்ட்டை அடிக்கும். விதிமுறை எழுதியவர்களின் விருப்பம் இல்லை இது, கணக்கு. மூன்று சீட்டு எடுத்தால் மொத்தம் உள்ள 22,100 சேர்க்கைகளில் வெறும் வரிசை 720, வெறும் கலர் 1,096. ஐந்து சீட்டு எடுத்தால் வரிசை 10,200 ஆகிவிடுகிறது, கலர் 5,108தான். எது அரிதோ அதற்கு மதிப்பு. மற்றபடி மேலிருந்து கீழே: ஒரே கலரில் வரிசையான ஸ்ட்ரெய்ட் ஃபிளஷ் (அதில் பத்து முதல் ஏஸ் வரை என்றால் ராயல்), ஒரே மாதிரி நான்கு, மூன்றும் ஒரு ஜோடியும் சேர்ந்த ஃபுல் ஹவுஸ், ஃபிளஷ், ஸ்ட்ரெய்ட், ஒரே மாதிரி மூன்று, இரண்டு ஜோடி, ஒரு ஜோடி, எதுவும் இல்லையென்றால் பெரிய சீட்டு. இஸ்பேடு, ஆர்ட்டின், டைமன், கிளாவர் இவற்றுக்குள் உயர்வு தாழ்வு கிடையாது. கை சமமானால் பாட்டைப் பிரிக்க வேண்டியதுதான்.

கிக்கர் என்கிற உதவிச் சீட்டைப் புரிந்துகொள்ள ஓர் ஆட்டம் பாருங்கள். உங்களிடம் ஏஸ், ஏழு. எதிராளியிடம் ஏஸ், ராணி. ஃபிளாப்பில் ஏஸ், ஒன்பது, நான்கு. இருவருக்கும் ஏஸ் ஜோடி, ஆனால் ராணியால் அவர் முன்னால். டர்னில் இன்னொரு நான்கு. இப்போது இருவருக்கும் ஏஸ், நான்கு என இரண்டு ஜோடி. ஐந்தாவது சீட்டு அவருக்கு ராணி, உங்களுக்கு மேசையில் கிடக்கும் ஒன்பது. உங்கள் ஏழு கணக்கிலேயே இல்லை. ரிவரில் ராஜா வருகிறது. இருவரின் ஐந்தாவது சீட்டும் அந்த ராஜாவே. பாட் பாதிப் பாதி. கடைசிச் சீட்டில் பிழைத்தீர்கள். ஆனால் ஏஸைப் பார்த்ததும் எந்தத் துணைச் சீட்டோடும் இறங்கிவிடுவது ஏன் விலை அதிகமான பழக்கம் என்பது இதிலேயே தெரியும்.

ஏன் இந்த ஆட்டம் பரவியது என்பதற்கு வருகிறேன். டெக்சாஸ் மாநிலத்தின் ராப்ஸ்டவுன் என்ற சிற்றூரில் 1900களின் தொடக்கத்தில் பிறந்ததாக அந்த மாநிலச் சட்டமன்றமே 2007இல் தீர்மானம் போட்டிருக்கிறது. லாஸ் வேகாஸுக்கு அது வந்தது 1963இல்தான். கார்க்கி மெக்கார்க்கடேல் என்பவர் கலிஃபோர்னியா கிளப்பில் அறிமுகப்படுத்தினார். 1970இல் பென்னி பினியன் தன் ஹார்ஸ்ஷூ சூதாட்ட விடுதியில் போக்கர் உலகத் தொடரைத் தொடங்கினார். முதல் வருடம் ஜானி மாஸ் வென்றது ஆட்டக்காரர்களின் வாக்கெடுப்பில். அடுத்த ஆண்டிலிருந்துதான் சிப்ஸ் தீரும்வரை ஆடும் முறை. முதன்மைப் போட்டிக்கு ஹோல்டெமைத் தேர்ந்தெடுத்தார்கள், 10,000 டாலர் நுழைவுக் கட்டணம் என்ற வழக்கமும் 70களிலேயே நிலைத்துவிட்டது. இருந்தும் முப்பது ஆண்டுகள் இது ஒரு சிறு கூட்டத்தின் ஆட்டமாகவே இருந்தது.

மாற்றியது கேமரா. நாஜி முகாம்களிலிருந்து தப்பிப் பிழைத்து அமெரிக்காவில் பொம்மை வியாபாரத்தில் பெரிய ஆளான ஹென்றி ஆரன்ஸ்டீன், மறைவுச் சீட்டைப் படம்பிடிக்கும் மேசைக்கு 1995இல் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன்பு தொலைக்காட்சியில் போக்கர் பார்ப்பது, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சிலர் உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பதுதான். சீட்டு தெரிந்ததும் பார்வையாளர் எல்லாம் அறிந்தவர் ஆகிவிட்டார்: இவன் பொய் சொல்கிறான், அவன் நம்பப் போகிறான். இதற்கு ஹோல்டெம் மாதிரி பொருந்தும் வகை வேறில்லை. ஆளுக்கு இரண்டே சீட்டு, திரையின் மூலையில் அடங்கிவிடும்.

2003இல் டென்னசியைச் சேர்ந்த கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர் (புனைபெயர் இல்லை, குடும்பப் பெயரே அதுதான்) இணையத்தில் 86 டாலர் கட்டி ஒரு தகுதிப் போட்டியில் வென்று, 839 பேர் ஆடிய உலகத் தொடரின் முதன்மைப் போட்டியில் 25 லட்சம் டாலர் பரிசைத் தட்டிச் சென்றார். அடுத்த ஆண்டு 2,576 பேர் வந்தார்கள். 2005இல் 5,619, 2006இல் 8,773. பிறகு அமெரிக்காவின் 2006 இணையச் சூதாட்டப் பணப் பரிமாற்றச் சட்டமும், 2011 ஏப்ரல் 15 அன்று பெரிய தளங்களை அங்கே முடக்கிய நடவடிக்கையும் வேகத்தைக் குறைத்தன. ஆனால் ஆட்டம் சாகவில்லை. 2024இல் 10,112 பேர் கலந்துகொண்டார்கள்.

உத்தி என்று கேட்டால் பலரும் முகத்தைப் படிப்பது, கறுப்புக் கண்ணாடி என்று தொடங்குவார்கள். என் கருத்தில் அது பட்டியலின் அடியில் வர வேண்டியது. முதலில் வர வேண்டியது, நீங்கள் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பது. பட்டனில் இருப்பவர் ஃபிளாப், டர்ன், ரிவர் மூன்றிலும் கடைசியாகப் பேசுகிறார். அதாவது மற்ற எல்லாரும் என்ன செய்தார்கள் என்று பார்த்த பிறகு முடிவெடுக்கிறார். வெளிச்சம் அவருக்கு மட்டும் ஒரு படி அதிகம். அதனால் ஒன்பது பேர் மேசையில் முதலில் பேச வேண்டிய இடத்தில் தூக்கிப்போட வேண்டிய ஏஸ்-பத்து, பட்டனில் வந்தால் தைரியமாக ரெய்ஸ் செய்யும் கை. சீட்டு மாறவில்லை, இடம் மாறியதும் மதிப்பு மாறிவிட்டது. புதிதாகக் கற்பவர் இதை மட்டும் பிடித்துக்கொண்டால் பாதித் தூரம் கடந்துவிடலாம்.

அடுத்தது, எந்தக் கையோடு இறங்குவது. இரண்டு சீட்டுச் சேர்க்கைகள் மொத்தம் 1,326. வகையாகப் பார்த்தால் 169. இரட்டை ஏஸ் சராசரியாக 221 ஆட்டத்துக்கு ஒரு முறைதான் வரும். ஏதாவது ஒரு ஜோடி 17க்கு ஒரு முறை. நிறைந்த மேசையில் நிதானமான ஆட்டக்காரர் ஐந்தில் ஒரு கையைத்தான் ஆடுவார், மற்றதெல்லாம் ஃபோல்ட். ரம்மியில் ஒவ்வொரு சீட்டையும் எடுத்து இறக்கிப் பழகியவருக்கு இது பெரிய தண்டனை. சும்மா உட்கார முடியாமல் இறங்குவதில்தான் சிப்ஸ் கரைகிறது. இரண்டும் ஒரே கலர் என்பதற்காக இறங்குவது இன்னொரு பொறி. கலர் சேர்ந்திருப்பதால் கூடும் வெற்றி வாய்ப்பு இரண்டு மூன்று சதவீதம்தான். ஃபிளாப்பிலேயே ஃபிளஷ் அமைவது 118க்கு ஒரு தடவை. இரண்டு-இரண்டு, ஐந்து-ஐந்து மாதிரிச் சின்ன ஜோடிகள், மூன்றாவது சீட்டு ஃபிளாப்பில் விழும் என்ற எதிர்பார்ப்பில் ஆடப்படுபவை. அது நடப்பது எட்டரைக்கு ஒரு முறை. எனவே மலிவாகப் பார்க்க முடிந்தால், எதிரே நிறைய சிப்ஸ் இருந்தால் மட்டும். இறங்குவது என்று முடிவான பிறகு, உங்களுக்கு முன்னால் யாரும் இறங்காத பட்சத்தில், வெறும் கால் செய்து பின்னால் ஊர்ந்து போகாமல் ரெய்ஸ் செய்து இறங்குங்கள். எல்லாரும் விலகினால் பிளைண்டுகள் உங்களுக்கு. விலகாவிட்டாலும் பேச்சின் கடிவாளம் உங்களிடம்.

மூன்றாவது, விலை பார்ப்பது. கையில் இரண்டு ஆர்ட்டின், மேசையில் இரண்டு. இன்னும் ஒன்று வந்தால் ஃபிளஷ். கட்டில் மிச்சம் ஒன்பது ஆர்ட்டின். மனக்கணக்குக்கு ஒரு குறுக்குவழி உண்டு: ஃபிளாப்பில் இருந்தால் நான்கால் பெருக்குங்கள், டர்னில் இருந்தால் இரண்டால். ஒன்பதுக்கு 36, 18. உண்மையான விடை சுமார் 35 சதவீதம், 20 சதவீதம். மேசையில் இந்த அளவு போதும். இப்போது பாட்டில் 400 இருக்கிறது, எதிராளி 200 வைக்கிறார். நீங்கள் 200 போட்டால் மொத்தம் 800. அதில் உங்கள் பங்கு கால்வாசி. ஆக 25 சதவீதத்துக்கு மேல் ஜெயிக்கும் வாய்ப்பு இருந்தால் கால் செய்யலாம். டர்னில் இருக்கிறீர்கள் என்றால் 20 சதவீதம், நட்டம். ஃபிளஷ் விழுந்த பின் அவரிடமிருந்து இன்னும் நல்ல தொகை கறக்கலாம் என்றால் மட்டும் யோசிக்கலாம். அதே 200 ஃபிளாப்பிலேயே அவருடைய ஆல் இன் என்றால், இரண்டு சீட்டையும் பார்க்கப் போகிறீர்கள், 35 சதவீதம், யோசிக்காமல் கால்.

பிளஃப் பற்றி எல்லாருக்கும் ஆர்வம். பொய் சொல்வதற்கும் விலை உண்டு. பாட்டில் உள்ள அளவுக்கே பெட் வைத்தால் இரண்டில் ஒரு தடவை எதிராளி விலக வேண்டும். பாதி வைத்தால் மூன்றில் ஒரு தடவை விலகினால் போதும். நல்ல பிளஃப் என்பது வெறுங்கையில் குதிப்பது இல்லை. 2003 உலகத் தொடரின் இறுதி மோதலில் மணிமேக்கர், தன் எதிராளி சாமி ஃபாராவை விலக வைத்த ஆட்டத்தைப் பாருங்கள். மணிமேக்கரிடம் இஸ்பேடு ராஜா, ஆர்ட்டின் ஏழு. மேசையில் டர்ன் வரை இஸ்பேடு ஒன்பது, டைமன் இரண்டு, இஸ்பேடு ஆறு, இஸ்பேடு எட்டு. ஃபாராவிடம் ஒன்பது ஜோடி. மணிமேக்கர் ரெய்ஸ் செய்தார். அப்போது அவர் கையில் ஒன்றுமில்லை, ஆனால் எந்த இஸ்பேடு வந்தாலும் ஃபிளஷ், பத்தோ ஐந்தோ வந்தால் ஸ்ட்ரெய்ட். சேர்த்து 15 சீட்டுகள் உதவும், ஏறக்குறைய மூன்றில் ஒரு வாய்ப்பு. எதிராளி விலகினாலும் லாபம், விலகாவிட்டாலும் சீட்டு விழலாம். ரிவரில் ஆர்ட்டின் மூன்று, எதற்கும் உதவாத சீட்டு. வெறும் ராஜாவை வைத்துக்கொண்டு ஆல் இன் போனார். டர்னில் ரெய்ஸ் செய்து அவர் தொடங்கிய கதை, ஃபிளஷ் இருப்பவன் சொல்லக்கூடிய கதைதான். ஃபாரா நெடுநேரம் யோசித்து விலகினார். ஆரம்பத்திலிருந்து நம்பும்படி சொல்லப்படாத பொய்யை ரிவரில் யாரும் நம்பமாட்டார்கள்.

கணினிகள் வந்தபிறகு இவற்றில் எது உண்மை, எது மூத்தவர்களின் பிடிவாதம் என்பது ஓரளவு தெளிந்தது. 2015இல் கனடாவின் அல்பெர்ட்டா பல்கலைக்கழகம், இருவர் ஆடும் லிமிட் ஹோல்டெமைக் கிட்டத்தட்ட முழுமையாகத் தீர்த்துவிட்டதாக அறிவித்தது. 2017 ஜனவரியில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ராட்டஸ் என்ற கணினி நிரல், பிட்ஸ்பர்க்கில் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு 20 நாட்களில் 1,20,000 கைகள் நோ லிமிட் ஆடி அடித்துப் போட்டது. பாட்டைவிடப் பல மடங்கு பெரிய பெட்டை அது சாதாரணமாக வைத்ததைப் பார்த்து மனிதர்கள் அதைக் கற்றுக்கொண்டார்கள். 2019இல் வந்த புளூரிபஸ் என்ற நிரல் ஆறு பேர் மேசையிலும் வென்றது. வெறும் கால் செய்து ஊர்ந்து இறங்குவது ஸ்மால் பிளைண்டைத் தவிர மற்றவர்களுக்கு நட்டம் என்ற பழைய அறிவை அது உறுதிசெய்தது. முந்தைய சுற்றில் கால் மட்டும் செய்தவர் அடுத்த சுற்றை பெட்டோடு தொடங்குவது கற்றுக்குட்டித்தனம் என்ற இன்னொரு பழைய அறிவை மீறி, அதை மனிதர்களைவிட அடிக்கடி செய்தது.

அதிர்ஷ்டமா திறமையா என்றால், எவ்வளவு நேரம் என்பதைப் பொறுத்தது. இரட்டை ஏஸ், கண்ணை மூடி எடுத்த இரண்டு சீட்டுக்கு எதிராக 85 சதவீதம் ஜெயிக்கும். மீதி 15 சதவீதத்தில் தோற்பவர் எந்தத் தவறும் செய்யவில்லை. அதே ஏஸ்கள் ஒன்பது பேருக்கு எதிராக ஒருசேர நின்றால் வெற்றி சுமார் 31 சதவீதம்தான். ஓர் இரவு ஆட்டத்தில் கெட்டிக்காரனையும் அதிர்ஷ்டக்காரனையும் பிரித்துச் சொல்லவே முடியாது. ஆயிரக்கணக்கான கைகள் போன பிறகுதான் திறமை மேலே மிதக்கும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சூதாட்ட விடுதி ஒவ்வொரு பாட்டிலும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். ஆகவே மேசையில் உள்ளவர்களைக் கூட்டிப் பார்த்தால் நட்டம்தான். மற்றவர்களைவிடக் கொஞ்சம் நன்றாக ஆடுவது போதாது, அந்தப் பங்கையும் தாண்டுமளவுக்கு ஆட வேண்டும். இதைச் செய்பவர்கள் சிறுபான்மை.

சட்ட நிலையையும் தெரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டு இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்களாகப் பட்டியலிட்டது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்று, அந்தப் பட்டியலை மட்டும் நீக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ திறனா அதிர்ஷ்டமா என்றே பார்க்காமல், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் எல்லாவற்றையும் தடை செய்கிறது. கற்றுக்கொள்ள வீட்டு மேசையும் காசு மதிப்பில்லாத சிப்ஸும் தாராளமாகப் போதும்.

வீட்டில் நான்கைந்து பேர் என்றால், ஆளுக்கு 200 சிப்ஸ், பிளைண்ட் 1, 2 என்று வையுங்கள். பிக் பிளைண்டைப் போல 100 மடங்கு இருந்தால்தான் மூன்று சுற்றிலும் யோசித்து ஆட இடமிருக்கும். ஃபிளாப், டர்ன், ரிவர் ஒவ்வொன்றுக்கும் முன்பு கட்டின் மேல் சீட்டு ஒன்றைப் பார்க்காமல் ஒதுக்கிவிடுங்கள். இருவர் மட்டும் மிஞ்சினால் பட்டன் வைத்திருப்பவரே ஸ்மால் பிளைண்ட். ஃபிளாப்புக்கு முன் அவர் முதலில் பேசுவார், பின் கடைசியில். ரெய்ஸ் என்றால் தொகையை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், கொஞ்சம் தள்ளி முகத்தைப் பார்த்து மேலும் கொஞ்சம் தள்ளுவது கூடாது. ரிவரில் கடைசியாக பெட் வைத்தவர் முதலில் சீட்டைக் காட்ட வேண்டும், எல்லாரும் செக் என்றால் பட்டனின் இடப்பக்கத்து ஆள். சீட்டைத் திறந்து வைத்தவர் தன் கை என்னவென்று தவறாகச் சொன்னாலும் பாதகமில்லை. மேசையில் திறந்து கிடக்கும் சீட்டு என்ன காட்டுகிறதோ அதற்கே பாட் போகும்.